இருட்டறைக்கு நாலு டியூப்லைட்

“அத எழுதிக் குடுத்துருங்க சார்.”

பூமிகா இதைச் சொன்னபோது தரக் கட்டுப்பாட்டு மேலாளர் மணவாளன் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நனைந்த பாதி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. மீதிப் பாதியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

“இன்னா சொன்னே?”

“நாப்பத்தேழாவது லாட்ட பாஸ் போடச் சொல்றீங்க இல்ல? அதையே ஒரு பேப்பர்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போட்டுர்றேன்.”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு ரோஜா சொல்லிவைத்திருந்தாள். மணவாள நகர்ப் பெண். இவளோடு ஒரே பேட்ச். ஆனால் ஒரு வாரம் முன்னால் சேர்ந்தவள் என்பதால் கம்பெனியைக் கரைத்துக் குடித்தவள் மாதிரி பேசுவாள். “லீவு கேளு, சேர் கேளு, கேன்டீன்ல ரெண்டாவது வடை கேளு. இன்னா வோணா கேளு. எய்திக் குடுன்னு மட்டும் கேட்றாத. அது இவங்க ஊட்ல போய் பொண்ணு கேக்கற மாதிரி.”

இரண்டு வருடம் ஏழு மாதம் அவள் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

மணவாளன் மீதி பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். குரலில் கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. “பூமிகா, எழுத்து எதுக்குத் தெரியுமா? நம்பிக்கை இல்லாத எடத்துக்கு. நம்ம கம்பெனி நம்பிக்கைல ஓடுது. பதினோரு வருஷமா இங்க இருக்கேன். நான் சொன்ன எதையும் இதுவரைக்கும் எழுதினதில்ல. எழுதின எதையும் செஞ்சதில்ல. அதனாலதான் இந்த சீட்ல ஒக்காந்துக்கினு இருக்கேன்.”

பூமிகாவின் வேலை இருட்டில் உட்காருவது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள அந்தக் கம்பெனி செய்வது சிலிக்கன் கார்பைடு வேஃபர். அப்பளம் அளவு இருக்கும், அப்பளத்தைவிட மெல்லிசாக இருக்கும் ஒரு படிக வட்டம். அதை வாங்கிப்போகும் இன்னொரு கம்பெனி அதில் மின்சாரப் பேருந்துகளுக்கான சில்லுகளைச் செய்யும். படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கு மேல் அடுக்காக, வரிசை தப்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓர் அடுக்கு இடம் மாறி உட்கார்ந்துவிட்டால் வெளிச்சத்தில் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இருட்டில் வைத்துப் புற ஊதா விளக்கைக் காட்ட வேண்டும். சரியாக அடுக்கிய இடமெல்லாம் பேசாமல் கருப்பாகக் கிடக்கும். தப்பாக அடுக்கிய இடம் மட்டும் நீலமாக ஒளிரும். முக்கோணமாக, கோடாக, சில சமயம் கிழிந்த வலை மாதிரி.

இருட்டுக்குக் கண் பழகவே பத்து நிமிடம் ஆகும். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும். அந்த ஒளி பார்க்க அழகாக இருக்கும் என்பதுதான் அதில் உள்ள வம்பு. ஒளிர்கிற தப்பு ஒளிர்ந்ததோடு நிற்காது. மின்சாரம் பாயப் பாய உள்ளுக்குள் வளரும். வளர்ந்து முடிகிற நாளில் பஸ் திருத்தணி மலை ஏறிக்கொண்டிருக்கலாம்.

நாற்பத்தேழாவது லாட்டில் இருபத்தைந்து வேஃபர். பத்தொன்பது ஒளிர்ந்தன. ஆறு கருப்பு. ‘நிராகரிப்பு’ என்று எழுதி அனுப்பினாள். அதற்குத்தான் இந்த அழைப்பு.

“சரி, போம்மா, பாத்துக்கலாம்” என்றார் மணவாளன். அவர் பார்த்துக்கொண்ட விதம் கீழ்வருமாறு.

அந்தக் கம்பெனியில் குறையே கிடையாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கேட்டுக்கு நேரே பெரிய பலகை: ‘குறையின்றி 212 நாட்கள்.’ தினமும் காலை எட்டு ஐந்துக்கு எல்லோரும் வரிசையில் நின்று வலது கையை நீட்டி, “குறை காண மாட்டேன், குறை சொல்ல மாட்டேன், குறை செய்ய மாட்டேன்” என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். அந்த வரிசையில்தான். செய்வது கடைசி.

அப்படியும் ஒரு குறை தலைகாட்டிவிட்டால் அதை யாராவது ஒருவர் பேரில் ஏற்ற வேண்டும் என்பது விதி. படிகத்தைச் சமைக்கும் உலைக்குப் பணியாளர் எண் கிடையாது. பூமிகாவுக்கு இருந்தது. எனவே அவள் கண்டுபிடித்த குறையெல்லாம் அவள் குறையாகவே கணினியில் ஏறின. போன வருடம் தொழிற்சாலையிலேயே அதிகக் குறை செய்த ஊழியர் அவள்தான். கேன்டீன் சுவரில் ‘கவனம் தேவை’ என்ற தலைப்பில் அவள் போட்டோ இருந்தது. பக்கத்திலேயே ‘மாதத்தின் மாணிக்கம்’ ரோஜா. அதே இருட்டறை, அதே விளக்கு. ரோஜா போனைப் பார்த்துக்கொண்டே ‘சரி, சரி, சரி’ என்று எழுதுவாள். போன் வெளிச்சத்தில் அணுக்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

எழுதித் தரச் சொல்லிக் கேட்ட மறுநாள் பூமிகாவைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார்கள். மற்றவர்களுக்குத் தெரியாதது ஒருத்திக்குத் தெரிகிறதென்றால் கண்ணில்தானே கோளாறு? டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். கடைசி வரியைப் படித்தாள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பேரையும் போன் நம்பரையும் சேர்த்துப் படித்தாள். டாக்டர் எழுந்து பலகைக்குக் கிட்டே போய்ச் சரிபார்த்துவிட்டு, ‘பார்வை: தேவைக்கு அதிகம்’ என்று எழுதினார். அந்தச் சீட்டை வைத்து அவளை ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியின் பேர் ‘குறையில் நிறை காணல்.’ வாழைப்பழத்தில் இருக்கும் கரும்புள்ளியைப் பார்க்காமல் பழத்தைப் பார்ப்பது எப்படி என்று ஒருவர் ஐந்து நாள் சொல்லிக்கொடுத்தார். ஐந்தாம் நாள் அந்தப் பழத்தையே யாரும் தொட முடியவில்லை.

திரும்பி வந்தபோது இருட்டறை வாசலில் ஏணி நின்றது.

ஏணி மேல் பாதுகாப்பு அதிகாரி ஏழுமலை. கழுத்தில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தொங்கியது.

“இன்னாமா இது, பொம்பளப் புள்ளைங்கள இருட்டுல ஒக்கார வெச்சிக்கினு? மீட்டர்ல முள்ளே எழும்பல. ஆள் வேல செய்ற எடத்துல முந்நூறு லக்ஸ் இருக்கணும். ரூல்.”

“சார், இது இருட்டறை. இருட்டா இருந்தாத்தான் வேலை.”

“வேலை உங்க டிபார்ட்மென்ட்டு. லக்ஸு என் டிபார்ட்மென்ட்டு. கால் தடுக்கி வுய்ந்தீங்கன்னா கேட்ல எழுதி வெச்சிருக்கிற ‘விபத்தின்றி நானூறு நாள்’ பூட்ச்சி. அப்பால யாரு பதில் சொல்றது?”

மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாலு டியூப்லைட் மாட்டியாயிற்று. சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். சாவி தொலைந்துவிடக் கூடாது என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டி, ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டினார். இருட்டறை கல்யாண மண்டபம் மாதிரி பளபளத்தது. வேஃபர்களை விளக்கின் கீழ் வைத்தார்கள். ஒன்றுகூட ஒளிரவில்லை.

சாயங்காலம் கேக் வெட்டினார்கள். ஆலைத் தலைவர் அருணகிரி மைக்கைப் பிடித்தார். “நண்பர்களே! ஜப்பான்காரன் இந்தக் குறைய ஒழிக்க நாப்பது வருஷமா மைக்ராஸ்கோப்ப வெச்சிக்கிட்டுப் போராடுறான். நம்ம ஏழுமலை ஒரு ஏணிய வெச்சி ஒரே மத்தியானத்துல ஒழிச்சிட்டாரு. கெட்டிக்காரன் பிரச்சினைய ஆராய்வான். தலைவன் அதைப் பாக்கவே மாட்டான்!” கைதட்டலில் கேக்கின் க்ரீம் அசைந்தது.

அடுத்த வாரம், அனுப்பும் பகுதியில் பெட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த பெட்டியில் 47 என்று ஒட்டியிருந்தது. தரச் சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள். ‘இருபத்தைந்தும் குறையற்றவை. பரிசோதித்தவர்: பூமிகா.’ கீழே அவள் கையெழுத்து.

அவள் அதைப் போடவில்லை.

பழவேற்காட்டை ஒட்டிய குப்பத்தில் ஏரியில் எறா பிடிக்கும் வீடு அவளுடையது. அப்பா மீனவர் சங்கத்தில் கையெழுத்துக்குப் பதில் கட்டை விரலை உருட்டுகிறவர். காலேஜில் சேரும்போது முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க நாலு ஆபீஸ் ஏறினாள். இந்த வீட்டில் இதுவரை ஒருவரும் படிக்கவில்லை என்று நாலு அதிகாரிகள், அவள் வீட்டுப் பக்கமே வராமல், உறுதி செய்து கையெழுத்துப் போட்டார்கள். அன்றைக்கே ரயிலில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனக்கென்று ஒரு கையெழுத்து தேடினாள். முதல் எழுத்தை நன்றாகச் சுழித்து, வாலைத் தூண்டில் முள் மாதிரி மேலே வளைத்து. அந்த வீட்டின் முதல் கையெழுத்து அதுதான். சான்றிதழில் அதே சுழி, அதே முள்.

இதை இவ்வளவு சுத்தமாகப் போட உலகத்தில் இன்னும் ஒருத்தியால்தான் முடியும்.

வருகை பதியும் மெஷின் ரிப்பேரான நாளிலிருந்து ரிஜிஸ்டர்தான். பழவேற்காட்டு பஸ் தாமதமாகி, தச்சூர் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டால் இவளுக்காக ரோஜா கையெழுத்துப் போடுவாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்று ரோஜா நேரம் கழித்து வரும் நாளில் அவளுக்காக இவள் போடுவாள். இரண்டு வருடமாக நடக்கிறது. கேன்டீனில் டிஷ்யூ பேப்பரில் பழகிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

ரோஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல பூமிகாவின் டப்பாவைத் திறந்து எறா தொக்கைத் தன் சோற்றில் போட்டிருந்தாள்.

“நீதான் போட்டியா?”

ரோஜா மறைக்கவில்லை. “ரெண்டு வருசமா போட்டுக்கினுதானே கீறேன். அப்பல்லாம் இனிச்சிதா?”

“அது அட்டெண்டன்ஸ்டி.”

“இதுவும் பேப்பர்தாண்டி.”

“உன் பேர்ல போட வேண்டியதுதானே? நீதான் மாணிக்கமாச்சே.”

“போட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க. கஸ்டமருக்கு அந்த ரிஜெக்ட் பண்ற பொண்ணு கையெய்த்துதான் வோணுமாம். அது பாஸுன்னா பாஸாம். உனக்குக் கீற மரியாத எனக்கில்ல. போதுமா?” சோற்றைப் பிசைந்தாள். “கன்ஃபர்மேஷன் ஆர்டர் குட்துட்டாங்க பூமி. பர்மனென்ட்டு. வர்ற மாப்ள ஊட்டுக்காரங்க மொதோ கேள்வியே அதான் கேக்கறாங்க. எத்தினி பேரு முன்னாடி நான் காபித் தட்டத் தூக்கிக்கினு நிக்கறது?”

“ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீ எய்திக் குடுன்னுவ.”

பூமிகா டப்பாவை மூடினாள். உள்ளே தொக்கு பாதி இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. முதுகில் யாரோ ஏறி நிற்கிற மாதிரி மட்டும் இருந்தது.

சான்றிதழிலிருந்து தன் பேரை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தாள். அதற்கு மூன்று பேர் கமிட்டி உட்கார்ந்தது: அருணகிரி, மணவாளன், ஏழுமலை.

“பேர எடுக்கறதுன்னா சான்றிதழ்ல தப்பு இருக்குன்னு ஆகும்” என்றார் மணவாளன். “தப்புக்கு குறைப் படிவம் நிரப்பணும். குறை ஒழிஞ்சதால படிவம் அச்சடிக்கிறத நிறுத்திட்டோமே.”

“வெள்ளைப் பேப்பர்ல எழுதறேன் சார்.”

“வெள்ளைப் பேப்பர் செல்லாதும்மா.”

அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீதி வேணும், அவ்ளோதானே? குடுப்போம். இது என் கையெழுத்து இல்லன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாப்போம். ஒத்துப்போச்சுன்னா அது உங்க கையெழுத்துதான், நீங்க பொய் சொல்றீங்க. ஒத்துப்போகலன்னா இந்த மனுவுல இருக்கறதே உங்க கையெழுத்து இல்ல. அப்ப மனுவே செல்லாது. எப்படி வந்தாலும் கமிட்டி நடுநிலையாத்தான் இருக்கும்.”

ஏழுமலை மீட்டரை எடுத்து அறையில் வெளிச்சம் போதுமா என்று பார்த்துக்கொண்டார். கமிட்டி கலைந்தது.

பூமிகா மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். நாற்பத்தேழாவது லாட்டை இருட்டறையிலேயே விழா எடுத்து ஒப்படைக்க ஏற்பாடு. வந்தவர்கள் கொள்முதல் பிரிவு. இன்ஜினியர்கள் யாரும் வரவில்லை, அவர்களுக்கு வேலை இருந்தது. ஐந்து பேருக்கும் சந்தன மாலை. இருபத்தைந்து வேஃபரையும் உறை பிரித்து, வெல்வெட் விரித்த மேசையில், புற ஊதா விளக்குகளுக்குக் கீழே அடுக்கியிருந்தார்கள். சான்றிதழைச் சட்டம் போட்டு நடுவில் வைத்திருந்தார்கள்.

“இவங்கதான் அந்தப் பொண்ணா?” என்றார் வந்தவர்களில் மூத்தவர். கைகொடுக்க வந்தவர் அவள் இடது கட்டை விரலைப் பார்த்தார். “இன்னாம்மா ஊதா மை? இப்ப எலெக்ஷன் கூட இல்லையே?”

“அழுக்கு சார். போக மாட்டேங்குது.”

அருணகிரி பேச ஆரம்பித்தார். பூமிகா நகர்ந்து சுவர் ஓரம் போனாள். ‘தொடாதே’ என்ற இடத்தில் தொட்டாள். சாவி கைக்கு வந்தது. பெட்டியைத் திறந்து நாலு டியூப்லைட்டையும் அணைத்தாள். புற ஊதா விளக்கைப் போட்டாள்.

இருட்டு. யாரோ “கரன்ட் போச்சு” என்றார்கள். ஏழுமலை “யாரும் நவராதீங்க, லக்ஸு இல்ல!” என்று கத்தினார். அருணகிரி மட்டும் நிறுத்தவில்லை. அவர் பேச்சுக்கு வெளிச்சம் தேவைப்பட்டதே இல்லை. ஒளிமயமான எதிர்காலத்தைப் பற்றி அந்த இருட்டில் பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோர் கண்ணும் பழகியது.

மேசை மேல் நீலம் பூத்தது. பத்தொன்பது வட்டங்களில் முக்கோணங்கள், கோடுகள், கிழிந்த வலைகள். நடுநடுவே ஆறு மட்டும் ஒன்றுமே நடக்காதது போலக் கருப்பாக.

“ஆஹா” என்றார் ஒருவர்.

பூமிகா குரலை உயர்த்தினாள். “நல்லாப் பாத்துக்கோங்க சார். வெளிச்சம் வர்ற எடமெல்லாம் டிஃபெக்ட். நான் ரிஜெக்ட் பண்ணது. அந்தக் கையெழுத்து என்னுது இல்ல.”

அப்புறம் இருட்டிலிருந்து அருணகிரி குரல் கனிந்து வந்தது. “கடைசியா காட்டலாம்னு வெச்சிருந்தோம், பொண்ணு அவசரப்பட்டுடுச்சு. உலகத்துல எல்லா வேஃபரும் வெளிச்சத்த வாங்கிக்கும். நம்ம வேஃபர் குடுக்கும்! இவ்ளோ செஞ்சிட்டு, இதையும் குறைன்னு சொல்லுது பாருங்க. இந்தத் தன்னடக்கந்தான் நம்ம கம்பெனி!”

கைதட்டல் கூரையில் மோதியது. மூத்தவர் குனிந்து, ஒளிராத ஆறையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். “அப்ப இதுங்க மட்டும் ஏன் எரியல?”

மணவாளன் பதறினார். “மன்னிக்கணும் சார், எப்படியோ கலந்துடுச்சு. இப்பவே எடுத்துர்றோம். ரோஜா! ஆறையும் ரிஜெக்ட் போடும்மா. குறைப் படிவம் பழசு ஒண்ணு என் டிராயர்ல இருக்கும்.”

முந்தாநாள் கமிட்டியில் இல்லாத படிவம் ஒரு நிமிடத்தில் வந்தது. புற ஊதா விளக்கின் ஓரத்தில், அந்த நீல வெளிச்சத்திலேயே ரோஜா நிரப்பினாள். கடைசியில் தயங்கி நிமிர்ந்தாள். பூமிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஜா குனிந்துகொண்டாள். பேனா ஒரு சுழி சுழித்து, ஒரு முள் வளைத்தது.

பூமிகா டியூப்லைட்டுகளைத் திரும்பப் போடவில்லை. சாவியை மட்டும் ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அவள் முடிவு நேற்றே எடுத்தது. அரை நாள் லீவில் பொன்னேரி தபால் ஆபீசில் உட்கார்ந்து, வாங்குகிற கம்பெனியின் இன்ஜினியரிங் பிரிவுத் தலைமைக்கு மூன்று பக்கம் எழுதினாள். பத்தொன்பது வேஃபரின் எண், எதில் எந்த இடத்தில் என்ன ஒளிர்ந்தது, எல்லாம். ‘இனிமேல் என் கையெழுத்தோடு வரும் எதையும் நம்பாதீர்கள்’ என்று முடித்தவள், கையெழுத்துப் போடப் போய் நிறுத்தினாள். கவுன்ட்டரில் மைப் பெட்டி கேட்டு வாங்கி, இடது கட்டை விரலை ஒற்றி, பேருக்குப் பக்கத்தில் அப்பா உருட்டுகிற மாதிரியே உருட்டினாள். ஸ்பீட் போஸ்ட் ரசீது இப்போது பையில் இருந்தது. இன்றைக்கு விளக்கை அணைத்தது, அந்தக் கடிதம் தேவைப்படாமல் போகுமோ என்ற ஒரு சின்ன நப்பாசையில்தான்.

கேட்டில் ‘குறையின்றி 240 நாட்கள்’ பலகைக்குக் கீழே காவலாளி நோட்டை நீட்டினார்.

“ஷிப்ட் முடியலையேம்மா. அவுட்பாஸ் கீதா?”

“இல்லண்ணா. நான் வேலைய வுட்டுப் போறேன்.”

“அப்ப இங்க ஒரு கையெய்த்துப் போட்டுட்டுப் போ.”

பூமிகா பேனாவை வாங்கவில்லை. சீல் வைக்கிற மைப் பெட்டியில் கட்டை விரலை அழுத்தி, நோட்டில் உருட்டினாள்.

“இன்னாமா இது, படிச்ச பொண்ணு கைநாட்டு வெக்கற?”

“கையெழுத்துதான் வோணும்னா உள்ள ரோஜாவக் கேளுங்கண்ணா. என்னுது அவகிட்டத்தான் கீது.”

விரலில் இருந்த மையைத் துடைக்காமலே ரோட்டைத் தாண்டினாள்.